“அது கடிக்காது, வாங்கோ”: நாயின் மனநிலையை உடம்பிலிருந்து வாசிக்கும் முறை

கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கைகளில் கேற்றுக்குக் கேற் கேட்கும் வசனம் இது: “அது கடிக்காது, வாங்கோ. வாலை ஆட்டுது பாருங்கோ.” வால் ஆடுவது உண்மைதான். ஆனால் வால் முதுகுக்கு மேலே விறைத்து நின்று நுனி மட்டும் வேகமாகத் துடித்தால், அந்த நாய் வந்தவரை வரவேற்கவில்லை. வாலாட்டத்திலிருந்து நிச்சயமாகத் தெரிவது ஒன்றுதான்: நாய் கிளர்ந்திருக்கிறது. சந்தோசத்திலா, பயத்திலா, எரிச்சலிலா என்பதை அறிய மற்ற உறுப்புகளையும், அந்த நேரத்தில் சுற்றிவர என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாய்க்கு உணர்ச்சி உண்டு என்று சொல்ல இன்று தயங்கத் தேவையில்லை. சார்ல்ஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட நூலில் சண்டைக்கு நிற்கும் நாயையும் எசமானிடம் குழையும் நாயையும் படம் போட்டே காட்டினார். ஒன்றில் உடம்பு நிமிர்ந்து விறைக்கிறது. மற்றதில் தாழ்ந்து நெளிகிறது. பயம், ஆத்திரம், விளையாட்டு, பிரிவுத் துயர் ஆகியவற்றுக்கான மூளைச் சுற்றுகள் பாலூட்டிகளுக்கு ஆழத்தில் பொதுவானவை என்பதை நரம்பியலாளர் யாக் பாங்செப் பல ஆண்டு ஆய்வுகளில் விளக்கினார். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரகரி பேர்ன்ஸின் குழு, மயக்க மருந்து கொடுக்காமல், அசையாமல் படுக்கப் பழக்கிய நாய்களை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்துப் பார்த்து 2012இல் முடிவை வெளியிட்டது. தீனி வரப்போகிறது என்ற கைச்சைகையைக் கண்டதும், மனிதரில் ஆசையோடு எதிர்பார்க்கும்போது இயங்கும் அதே மூளைப் பகுதி நாயிலும் இயங்கியது.

பயம், மகிழ்ச்சி, ஆத்திரம், ஏமாற்றம், ஒட்டுதல், பிரிவுத் துயர் ஆகியவற்றில் ஆராய்ச்சியாளர்களிடையே பெரிய சச்சரவு இல்லை. குற்ற உணர்வு, வெட்கம், வேண்டுமென்று பழிவாங்குவது என்று வீட்டில் சொல்லப்படுபவற்றுக்கு ஆதாரம் மிகக் குறைவு. நடைமுறையில் நாயை அநியாயமாக அடிவாங்க வைப்பவையும் இவைதான்.

ஆகவே முதல் விதி: உணர்ச்சிக்குப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். கண்ணால் கண்டதை முதலில் எழுதுங்கள். “கோபமாக இருந்தது” என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “தட்டுக்கு மேலே தலையைக் குனிந்தபடி அசையாமல் நின்றது, கண்ணின் வெள்ளை தெரிந்தது, சின்னவன் கிட்ட வந்ததும் தொடங்கியது, அவன் குசினிக்குள் போனதும் திரும்பச் சாப்பிட்டது” என்று எழுதினால், என்ன செய்ய வேண்டும் என்பது அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது.

வழக்கமான நிலையைப் பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு நாய்க்கும் ஒரு சாதாரண நிலை இருக்கிறது. அது தெரியாமல் மாற்றத்தைப் பிடிக்க முடியாது. எங்கள் ஊர்நாய்கள் பலவற்றுக்கு வால் இயல்பாகவே முதுகின் மேல் சுருண்டிருக்கும், பொமரேனியனுக்கும் அப்படியே. அதைக் கண்டு “திமிராக நிற்குது” என்று சொல்லக்கூடாது. வால் வெட்டப்பட்ட ரொட்வைலரிடமும் காது வெட்டப்பட்ட டோபர்மனிடமும் பாதிச் செய்தி அழிந்துபோயிருக்கும். பக் போன்ற தட்டை முக நாய்கள் சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கும். முகம் மயிரால் மூடிய நாயில் கண்ணை நம்பிப் பயனில்லை. கால்களையும் முதுகையும் பார்க்க வேண்டும்.

ஒரு வாரத்துக்கு, போனில் அரை நிமிடத் துண்டுகளாக வீடியோ எடுங்கள்: நித்திரை கொள்ளும்போது, சாப்பாட்டுக்கு முன், வீட்டு ஆட்கள் திரும்பி வரும்போது, தெரியாத ஆள் கேற்றடியில் நிற்கும்போது. நித்திரையில் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்குவது சேர்த்து ஒன்று. ஆரோக்கியமான நாயில் அது பெரும்பாலும் 15க்கும் 30க்கும் இடையில் இருக்கும். உங்கள் நாயின் எண்ணை எழுதி வையுங்கள். பிறகு மிருக வைத்தியரிடம் போகும்போது அந்த எண் மிகவும் உதவும்.

எந்த ஒழுங்கில் பார்ப்பது

பலரும் வாலில் தொடங்கி வாலிலேயே முடிக்கிறார்கள். உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் தொடங்குவது நல்லது. முன்னங்கால்களில் பாரம் விழுந்து கழுத்து முன்னுக்கு நீண்டிருந்தால் நாய் கிட்டே வர நினைக்கிறது. நல்லதுக்கோ கெட்டதுக்கோ என்பது பிறகு. பின்னங்கால்களில் பாரம் தங்கி முழங்கால் மடிந்திருந்தால் விலக நினைக்கிறது. கழுத்து முன்னுக்கும் பின்னங்கால் பின்னுக்குமாக உடம்பு நீண்டிருந்தால் இரண்டு எண்ணமும் சேர்ந்தே இருக்கிறது. இப்படி மோப்பம் பிடிக்கும் நாயைத் தடவக் கையை நீட்டும்போதுதான் “திடீரென்று கடித்தது” என்ற கதைகள் பிறக்கின்றன.

அடுத்தது வாய். நாயின் முகத்தில் அதிகம் பேசுவது இதுதான். தளர்ந்து அரைவாசி திறந்த வாய், நாக்கு ஒரு பக்கம் விழுந்திருப்பது, உதட்டு மூலைகள் இறுக்கமில்லாமல் இருப்பது: நாய் நிம்மதியாக இருக்கிறது. கவனிக்க வேண்டியது வாய் சட்டென்று மூடப்படும் கணம். இளைத்துக்கொண்டிருந்த நாய் இளைப்பதை நிறுத்தி, வாயை மூடி, ஒரு பக்கத்தையே பார்த்தால், ஏதோ ஒன்றை எடைபோடுகிறது. நீங்கள் அப்போது அதன் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தால் கையை எடுங்கள். தீனி எதுவும் இல்லாத நேரத்தில் நாக்கு மூக்கை ஒரு தடவை விரைவாக நக்கி உள்ளே போவது, நித்திரை வராதபோது கொட்டாவி விடுவது, முகத்தை வேறு பக்கம் திருப்புவது, இல்லாத வாசனையைத் தேடுவதுபோல நிலத்தை முகர்வது, ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்திருப்பது: இவை எல்லாம் சங்கடத்தின் அடையாளங்கள். ஒன்றை மட்டும் கண்டால் அர்த்தம் எடுக்க வேண்டாம். பத்து விநாடிக்குள் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் நாய் இடம் கேட்கிறது.

கொழும்பு வெக்கையில் இளைப்பைப் பிரித்தறிவது கொஞ்சம் கஷ்டம். வெக்கைக்கு இளைக்கும் நாயின் நாக்கு நீளமாக வெளியே விழுந்து நுனி அகன்றிருக்கும், முகம் தளர்ந்திருக்கும். பயத்தில் இளைக்கும்போது உதட்டு மூலைகள் காதுப் பக்கம் பின்னுக்கு இழுபட்டு, கண்ணுக்குக் கீழே சுருக்கம் விழும். சந்தேகம் இருந்தால் ஃபேனைப் போட்டு, தண்ணீர் வைத்து, டைல்ஸ் தரையில் படுக்கவிட்டுப் பதினைந்து நிமிடம் பாருங்கள். உடம்பு ஆறியும் இளைப்பு நிற்கவில்லை என்றால் பயமோ வலியோ இருக்கக்கூடும். டைல்ஸ் தரை இன்னொரு உதவியும் செய்கிறது: நாய்க்குப் பாதத்தில் வேர்க்கும். மழை இல்லாத நாளில், வீட்டுக்குள் நடந்த நாயின் ஈரப் பாதத் தடம் தரையில் பூப்போலப் பதிந்தால் அது பதற்றத்தின் தடம். மிருக வைத்தியரின் மேசையில் இதைத் தெளிவாகக் காணலாம்.

கண்ணில் பார்க்க வேண்டியது வெள்ளை. தலை ஒரு பக்கமும் விழி மறுபக்கமுமாகத் திரும்பி, வெள்ளை பிறை வடிவில் தெரிந்தால், நாய் பக்கத்தில் இருக்கும் எதையோ விட்டுக்கொடுக்க விரும்பவில்லை, அல்லது யாரையோ பயப்படுகிறது. மெல்ல இமைத்து மென்மையாகப் பார்ப்பது வேறு விஷயம். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் நாகசாவாவின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், நாயும் அதன் எசமானும் நீண்ட நேரம் ஒருவரையொருவர் பார்த்தபோது இருவரிலும் பாசப் பிணைப்போடு தொடர்புள்ள ஒட்சிடோசின் என்ற ஹோர்மோன் கூடியது. அது வீட்டு நாய்க்கும் வீட்டு ஆளுக்கும்தான். தெரியாத நாயின் கண்ணுக்குள் பார்ப்பது சண்டைக்கு அழைப்பது.

காது பின்னுக்குத் தட்டையாக ஒட்டினால் பெரும்பாலும் பயம். தளர்ந்து பின்னுக்குச் சாய்ந்தால் குழைவு. வித்தியாசம் நுணுக்கமானது, மற்ற உறுப்புகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும். முதுகு மயிர் சிலிர்ப்பது கோபத்துக்கு மட்டுமான அடையாளம் இல்லை. பயத்திலும் அளவுக்கு மீறிய உற்சாகத்திலும் சிலிர்க்கும்.

வாலுக்கு இப்போது வரலாம். இடுப்போடு சேர்த்து அகலமாக ஆடினால் சந்தோசம். தாழ்ந்து விரைவாக ஆடினால் “என்னை ஒன்றும் செய்யாதே” என்ற கெஞ்சல். வயிற்றுக்குள் சுருண்டால் பயம். விறைத்து உயர்ந்து குறுகலாக ஆடினால் தள்ளி நில்லுங்கள். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் ஒரு விநோதத்தையும் காட்டினார்கள்: எசமானைக் கண்டால் வால் நாயின் வலப்பக்கம் கூடுதலாகச் சாய்ந்து ஆடுகிறது, அந்நியமான மூர்க்க நாயைக் கண்டால் இடப்பக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது கமராப் பதிவைப் படம் படமாக அளந்து கண்டது. கேற்றடியில் நின்று இடமா வலமா என்று பார்த்துக்கொண்டிருப்பது புத்தியான வேலை இல்லை.

உறுமலை அடக்காதீர்கள்

கடி பெரும்பாலும் கடைசிப் படியில்தான் வருகிறது. அதற்கு முன்னே முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், எழுந்து விலகப் பார்க்கும், உடம்பு விறைக்கும், கண் வெள்ளை தெரியும், உறுமும், உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும், வெறும் காற்றைக் கடிக்கும். இவற்றில் பல படிகள் இரண்டு மூன்று விநாடிக்குள் ஓடி முடியலாம். மிக ஆபத்தானது விறைப்பு. எலும்பின் மேல் குனிந்திருந்த நாய் மெல்லுவதை நிறுத்தி, மூச்சைக்கூடப் பிடித்ததுபோல நின்றால், அந்த அமைதியைச் சம்மதம் என்று எண்ணிக் கையை நீட்டாதீர்கள்.

உறுமிய நாயை அடித்தால் அது உறுமாமல் இருக்கப் பழகும். பிள்ளை கிட்ட வரும்போது உள்ளே எழும் பயம் அப்படியே இருக்கும். எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். அதைத்தான் பிறகு “நன்றி கெட்ட நாய்” என்று துரத்துகிறார்கள். உறுமினால் செய்ய வேண்டியது: அசைவதை நிறுத்துங்கள், பார்வையை விலக்குங்கள், பக்கவாட்டில் இரண்டடி பின்வாங்குங்கள். நாய் தளர்ந்த பிறகு, எது அதைத் தூண்டியது என்று எழுதுங்கள்.

தட்டைக் காக்கும் நாயிடம் தட்டைப் பறித்துப் பழக்குவது பழைய யோசனை, நிலைமையைக் கெடுப்பதும் அதுதான். தட்டுக்கு எட்டடி தள்ளி நடந்துபோகும்போது அவித்த கோழித் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் எறிந்துவிட்டு நிற்காமல் போங்கள். ஒரு சாப்பாட்டுக்கு ஐந்தாறு தடவை போதும். நாய் உங்களைக் கண்டதும் தலை தூக்கி, வாயைத் தளர்த்தி எதிர்பார்க்கத் தொடங்கிய பிறகே ஏழடி, ஆறடி என்று நெருங்கலாம். விறைத்தால் முந்தைய தூரத்துக்கே திரும்புங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பயிற்சியைப் பெரியவர்கள் மட்டும் செய்யட்டும். அதுவரை நாய் சாப்பிடும் அறைக் கதவு பூட்டியிருக்கட்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சோதனை இருக்கிறது. நாய் தானாகக் கிட்ட வரும்வரை காத்திருக்க வேண்டும். தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோகாமல் நெஞ்சின் பக்கத்தில் மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். நாய் சாய்ந்து வந்தால், மூக்கால் கையைத் தட்டினால், இன்னும் மூன்று விநாடி தடவலாம். அசையாமல் நின்றால் அது “போதும்”. எழுந்துபோனாலும் “போதும்”. கட்டிப்பிடித்து போட்டோ எடுப்பது மனிதருக்குப் பாசம். பல நாய்களுக்கு அது மாட்டிக்கொள்வது. போனில் இருக்கும் அப்படியான படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். காது ஒட்டி, வாய் இறுகி, கண் வெள்ளை தெரியும் படம் ஒன்றாவது இருக்கும்.

குற்றவாளி முகம்

வேலை முடிந்து வருகிறீர்கள், கால்மிதியில் மூத்திரம், நாய் காதைத் தாழ்த்தி, வாலைச் சுருட்டி, கண்ணைத் திருப்புகிறது. “செய்த பிழை அதுக்கே தெரியும்” என்று எல்லோரும் சொல்வார்கள். நியூயோர்க்கின் பார்னார்ட் கல்லூரியில் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. சாப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டு எசமான் அறையை விட்டுப் போவார். திரும்பி வரும்போது நாய் சாப்பிட்டதா இல்லையா என்று அவருக்குச் சொல்வார்கள், சிலவேளை பொய்யாக. குற்றவாளி முகம் நாய் செய்த பிழையோடு ஒத்துப்போகவில்லை; எசமான் ஏசியதோடு ஒத்துப்போனது. பிழையே செய்யாமல் ஏச்சு வாங்கிய நாய்களிடம் அந்த முகம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

நீங்கள் காண்பது உங்கள் குரலுக்கும் நடைக்கும் நாய் காட்டும் பயம். மணிக்கணக்குக்குப் பிறகு ஏசினால் அது மூத்திரத்தோடு தொடர்பாவதில்லை; நீங்கள் வீட்டுக்கு வருவதோடு தொடர்பாகிவிடுகிறது. சில நாய்கள் அந்தப் பயத்தில் உங்கள் காலடியிலேயே கொஞ்சம் மூத்திரம் விடும். அதற்கும் ஏசினால் கூடும். செய்ய வேண்டியது: ஒன்றும் பேசாமல் துடைத்து, என்சைம் கலந்த கழுவும் திரவத்தால் கழுவி, எத்தனை மணிக்கு வெளியே கொண்டுபோனீர்கள் என்று கணக்குப் பார்ப்பது. வீட்டுப் பழக்கம் உள்ள நாய் திடீரென்று இப்படிச் செய்தால் மூத்திரப் பையில் கிருமித் தொற்று இருக்கலாம்.

வெடியும் இடியும்

கொழும்பு நாய்களின் பயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சித்திரை மாதம் போதும். வருடப்பிறப்பு வெடி ஒரு பக்கம், பின்னேர இடி மறுபக்கம். ஒக்டோபர், நவம்பரிலும் இடியோடு தீபாவளி சேர்ந்துகொள்ளும். ஆடிவேல் ஊர்வலம் போகும் தெருக்களில் மேளமும் இருக்கிறது. நாய்க்கு ஏறத்தாழ 45,000 ஹேர்ட்ஸ் வரை காது கேட்கும், மனிதருக்கு 20,000 வரை. எங்களுக்கு எட்டாத ஒலிகளும் அதற்கு எட்டும்.

இதில் ஒரு வசதி உண்டு, பலரும் பயன்படுத்துவதில்லை. வருடம் பிறக்கும் நேரமும் அடுப்பு மூட்டும் நேரமும் சுபநேரப் பத்திரத்திலும் பஞ்சாங்கத்திலும் நிமிடக் கணக்கோடு முன்கூட்டியே வந்துவிடும். பெரும்பாலான வெடிகள் அந்த நிமிடங்களில்தான் ஒன்றாக வெடிக்கும். தமிழ்ப் பஞ்சாங்க நேரமும் சிங்கள நேரமும் வேறுபட்டால் இரண்டையும் குறியுங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நாயை நடக்கக் கொண்டுபோய், வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள்.

ஒளிய இடம்: யன்னல் இல்லாத, அல்லது யன்னல் குறைந்த உள் அறை. அல்மாரிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கையோ கட்டிலுக்கு அடியையோ நாய் தானே தேர்ந்தெடுத்திருந்தால் அதையே ஒழுங்குபண்ணிக் கொடுங்கள்; புது இடத்துக்கு இழுத்துப்போக வேண்டாம். யன்னல்களை மூடி, திரையை இழுத்து, ஃபேனை உச்சத்தில் போட்டு, டீவியை வழக்கமான சத்தத்தில் விடுங்கள். கேற்றும் பல்கனிக் கதவும் பூட்டியிருக்க வேண்டும். வெடி இரவுகளில் வெருண்டு ஓடித் தொலையும் நாய்கள் ஏராளம், அதனால் போன் நம்பர் எழுதிய கழுத்துப்பட்டி அன்றைக்குக் கட்டாயம்.

பயந்து நடுங்கும் நாயைத் தடவினால் பயம் கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிழையான நம்பிக்கை. பயம் ஒரு தந்திரம் இல்லை, பரிசு கொடுத்தால் கூடுவதற்கு. உங்களிடம் வந்து ஒட்டினால் அமைதியாகப் பக்கத்தில் இருங்கள், ஒளிந்தால் ஒளியவிடுங்கள். வெளியே இழுத்து “ஒண்டும் இல்லையடா” என்று காட்டுவதுதான் கெடுதல்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்பே, மாசி மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

1. வெடிச்சத்தப் பதிவு ஒன்றை போனில் ஏற்றி, நாய் காதை மட்டும் அசைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துப் போடுங்கள்.

2. சத்தம் கேட்ட ஒரு விநாடிக்குள் கடலை அளவு அவித்த கோழித் துண்டு ஒன்று. சத்தம் முதலில், தீனி பிறகு. மாற்றிச் செய்தால், தீனியை நீட்டினாலே வெடி வரப்போகிறது என்று நாய் படித்துவிடும். பிறகு கோழியைக் கண்டே நடுங்கும்.

3. ஒரு தடவைக்கு பத்துத் துண்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு தடவை அல்லது இரண்டு. அந்த அளவைச் சாப்பாட்டில் குறையுங்கள்.

4. சத்தம் கேட்டதும் நாய் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கினால் மட்டும் அடுத்த நாள் ஒரு படி கூட்டுங்கள். தீனியை மறுத்தால், உதட்டை நக்கினால், எழுந்து போனால் இரண்டு படி இறங்குங்கள்.

கோழிக்குப் பதிலாக நெத்தலிக் கருவாடும் கொடுக்கலாம், ஆனால் உப்புப் போக ஊறவைத்துக் கழுவிய பிறகு. வெங்காயம் சேர்ந்த எந்தக் கறியும் ஆகாது. சொக்லேட், உலர்ந்த முந்திரிகைப் பழம் (உலர் திராட்சை) இரண்டும் நாய்க்கு நஞ்சு.

இடிக்கு இந்தப் பயிற்சி அரைகுறையாகத்தான் பலிக்கும். போன் ஸ்பீக்கரால் இடியின் அதிர்வையோ மின்னலையோ காற்றின் மாற்றத்தையோ கொண்டுவர முடியாது. கடுமையாகப் பயப்படும் நாய்க்கு மருந்து உண்டு. பண்டிகைக்குச் சில வாரம் முன்பே மிருக வைத்தியரிடம் பேசி, அமைதியான ஒரு நாளில் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். உடம்பை மட்டும் மயக்கிவிட்டுப் பயத்தை உள்ளே அப்படியே விடும் மருந்துகளும் உண்டு என்பதால், பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிக் கொடுக்க வேண்டாம். பனடோல் உட்பட மனிதருக்கான மாத்திரை எதுவும் வேண்டவே வேண்டாம்.

தனியே விட்டுப் போகும்போது

பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் அதிகம் வரும் முறைப்பாடு, நாள் முழுக்க ஊளை. சலிப்பா, பிரிவுப் பயமா என்று முதலில் பிரிக்க வேண்டும். பழைய போன் ஒன்றை அலமாரியில் வைத்துப் பதிவு செய்துவிட்டுப் போங்கள். பிரிவுப் பயம் பெரும்பாலும் முதல் அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடும்: கதவடியில் நடை, இளைப்பு, எச்சில் வடிதல், கதவு நிலையைப் பிராண்டுதல், வைத்துவிட்டுப் போன பிஸ்கட் தொடப்படாமல் கிடத்தல். சலிப்பில் கடிக்கும் நாய் முதலில் நித்திரை கொள்ளும், பிறகு எழுந்து நிம்மதியாகச் சப்பாத்தைக் கடிக்கும்.

பிரிவுப் பயத்துக்கு: திறப்பை எடுத்துக் கிலுக்கிவிட்டுக் கதிரையில் இருங்கள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணீர் ஊற்றுங்கள். இந்த அடையாளங்கள் அர்த்தம் இழந்த பிறகு, வெளியே போய் ஐந்து விநாடியில் திரும்புங்கள், பிறகு பத்து, இருபது. அடுத்தடுத்த தடவை எப்போதும் கூட்டிக்கொண்டே போகாமல் நடுவில் குறைந்ததும் வரட்டும். நாய் பதறும் நேரத்துக்கு முன்பே திரும்புவதுதான் முழு வித்தையும். பயிற்சி நடக்கும் வாரங்களில் நீண்ட நேரம் தனியே விட்டால் செய்த வேலை கரைந்துவிடும். அந்த நாட்களில் அம்மம்மாவோ பக்கத்து வீட்டு அன்ரியோ கூட இருப்பது மாத்திரையை விடப் பெரிய உதவி.

மகிழ்ச்சி

இதற்கு நீளமாக எழுதத் தேவையில்லை. முன்னங்கால்களை நிலத்தில் பரப்பிப் பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாட்டுக்கு அழைப்பு. விளையாட்டா சண்டையா என்று சந்தேகம் வந்தால், துரத்தும் நாயை ஒரு கணம் பிடித்து வையுங்கள். துரத்தப்பட்டது திரும்பி வந்து சீண்டினால் விளையாட்டு. ஓடி ஒளிந்தால் அதற்குப் பிடிக்கவில்லை. நல்ல விளையாட்டில் பெரிய நாய் வேண்டுமென்றே விழுந்து கொடுக்கும், அடிக்கடி இரண்டும் நின்று உதறிக்கொள்ளும்.

பிரிந்து திரும்பிய எசமானைக் காணும்போது நாயின் கண்ணீர் கூடுகிறது என்று 2022இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று வந்தது. அது கண்ணில் ஈரம் கூடுவது, கன்னத்தில் வழிவதில்லை. கண்ணீர் வழிந்தால் கண்ணில் நோய் பார்க்க வேண்டும்.

தெருத்தெருவாகப் பாண் விற்றுவரும் சூன் பாண் ஓட்டோவின் இசைக்கு ஊளையிடும் நாயைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். நீண்டு இழுபடும் ஒலிக்கு நாய் ஊளையால் பதில் சொல்வது வழக்கம். வால் தளர்ந்து, ஓட்டோ போனதும் படுத்துவிட்டால் கவலை வேண்டாம். பதுங்கினால், நடுங்கினால், வெடிக்குச் சொன்ன அதே பயிற்சி.

தெருநாய்

இரவில் நிறுத்திவைத்த ஓட்டோவுக்கு அடியிலிருந்து குரைத்தபடி வரும் கூட்டத்துக்கு முன்னால் ஓடாதீர்கள், ஓடினால் துரத்தும். பக்கவாட்டாக நின்று, கைகளை உடம்போடு சேர்த்து, நிலத்தைப் பார்த்து, குரைப்பு தணிந்ததும் மெல்ல விலகுங்கள். சைக்கிளில் போனால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து உருட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் அவை தங்கள் எல்லையைத்தான் காக்கின்றன. குட்டி போட்ட தாயிடம் மட்டும் எந்தக் கணக்கும் செல்லாது, தெருவின் மறுபக்கம் போய்விடுங்கள்.

கடித்தால், சின்னக் கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் பூச வேண்டாம். வீட்டு நாய்க்கு விசர் நோய் (ரேபிஸ்) தடுப்பூசி வருடாவருடம் போடப்பட வேண்டும்.

உணர்ச்சிபோலத் தோன்றும் நோய்

சாதுவான நாய் ஒரே நாளில் சீறத் தொடங்கினால், அல்லது பதுங்கும் நாய் திடீரென்று எல்லோரிடமும் ஒட்டினால், மனநிலை என்று விளக்கம் தேடுவதற்கு முன் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வயதான நாய் முதுகில் கை பட்டதும் கடிக்க வருவது பெரும்பாலும் மூட்டு வலி. காதுப் புண் உள்ள நாய் தலையைத் தடவினால் உறுமும். கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல், தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல நிற்கும் நாயின் வாய்க்குள் கை வைக்காதீர்கள். விசர் நோய் சீறாமல் இப்படியும் வரும். நாய் சும்மா இருக்கும்போது உடம்புச் சூடு 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இயல்பு. 40க்கு மேல் போய் இளைத்துத் தள்ளாடினால் வெக்கை தாக்கியிருக்கலாம். குழாய்த் தண்ணீரால் நனைத்து ஃபேனுக்கு முன்னால் வைத்தபடியே வண்டியைக் கூப்பிடுங்கள்.

போகும்போது அந்த வீடியோக்களையும் குறிப்பையும் கொண்டுபோங்கள். வைத்தியரின் மேசையில் எந்த நாயும் தன் வீட்டு முகத்தைக் காட்டாது.